திட்டு விழாத வீடு

அவரைப் போலக் கூசாமல் பொய் சொல்லும் ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. இறந்துபோனவரைப் பற்றி இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். ஆனால் வேறு எப்படி ஆரம்பித்தாலும் அது அவராக இருக்காது. அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக எளாவூரிலிருந்து தினமும் எங்கள் கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு வந்துபோனவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைப் பாப்பா என்பார். முன்னந்தலை நரைத்த ஒருத்தியை வாசலில் நின்று பாப்பா என்று கூப்பிட்டால் தெரு சிரிக்கும் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு பொய். "மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில பல வருசம் இருந்துகீறேன் பாப்பா. நான் பாக்காத நோயா?" என்றார். நம்பித்தான் வேலைக்கு வைத்தேன். கொஞ்ச நாள் கழித்துத் தெரிந்தது, அவர் இருந்தது ஆஸ்பத்திரி வாசலில், ஒரு இட்லிக் கடையில். கேட்டேவிட்டேன். முகம் துளிகூட மாறவில்லை.

"உள்ள இருந்தா இன்னா, வாசல்ல இருந்தா இன்னா? நோயாளிங்களுக்குக் கஞ்சி எங்க கடையிலருந்துதான போச்சு?"

கட்டிலில் படுத்திருந்த அப்பா சிரித்துவிட்டார். மாரடைப்பு வந்து, சென்னையில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதனால் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

அப்பா இவருக்கு நேர் எதிர். தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஆலையில், லாரிகளை எடை போடும் மேடையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர். முள் காட்டியதை எழுதுவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். இதனாலேயே அவரை முதலாளிக்கும் பிடிக்காது, டிரைவர்களுக்கும் பிடிக்காது. வீட்டிலும் அதே கதைதான். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்வார். அம்மா அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். நான் பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலையில் ரயில் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும்.

தம்பி துபாயில் இருக்கிறான். இன்னொரு அட்டாக் வந்தால் அப்பா தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. "வந்தா உடனே தெரியணும்க்கா, தெரிஞ்சா காப்பாத்திடலாம்" என்பான். சொன்னதோடு நிற்கவில்லை, ஆளை அனுப்பி வீடு முழுக்கக் கருவிகளை மாட்டிவிட்டான். மெத்தைக்கு அடியில் ஒரு விரிப்பு, அப்பா தூங்குகிறாரா புரளுகிறாரா என்று பார்க்க. கதவில் ஒன்று, குளியலறையில் ஒன்று. அப்பாவின் கையில் ஒரு வாட்ச், நாடித்துடிப்பைப் பார்க்க, நடந்த அடிகளை எண்ண. எல்லாத் தகவலும் தம்பி போனுக்கும் என் போனுக்கும் வந்துகொண்டே இருக்கும். அலமாரி மேல் ஒரு சின்னப் பெட்டி. அது செய்தி வாசிக்கும் குரலில், "மாத்திரை உட்கொள்ளும் நேரம் ஆகிவிட்டது" என்று சொல்லும். கொடுத்துவிட்டால் அதன் தலையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும்.

அக்கா பெட்டியிடமும் பொய் சொன்னார். அது வாயைத் திறந்ததுமே, "குடுத்துட்டேம்மா, குடுத்துட்டேன்" என்று பொத்தானை அழுத்திவிடுவார். மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். ஒரு விடுமுறை நாளில் இதை நேரில் பார்த்துத் திகைத்துப் போனேன்.

"இன்னாக்கா இது, மெஷின் கிட்டயே பொய் சொல்றீங்க?"

"அது தம்பிகிட்ட போட்டுக் குடுத்துடும் பாப்பா. அப்பால தம்பி போன் பண்ணி நைனாவத் திட்டும். அவரு நிம்மதியா காப்பி குடிக்கட்டும், அப்பால குடுக்கறேன்."

சொன்னபடி கொடுத்தும்விட்டார். மாத்திரை கொடுக்காமல் விட்ட நாள் என்று ஒன்று கிடையாது. அப்பாவை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். எளாவூர் ஆந்திர எல்லை. அங்கே பாதிப் பேர் வாயில் தெலுங்கு கலந்துதான் வரும்; நைனா என்றால் அப்பா. அப்பாவுக்கு முதலில் அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு அதைக் கேட்காமல் காலைக் காப்பி இறங்காது என்ற நிலைமைக்கு வந்துவிட்டார்.

அக்காவின் எல்லாப் பொய்களுக்கும் காரணம் ஒன்றுதான். யாருக்கும் திட்டு விழக் கூடாது. அப்பா கை நடுங்கி டம்ளரைக் கீழே போட்டால், "நான்தான் இடிச்சிட்டேன்" என்பார். பால்காரப் பையன் தாமதமாக வந்தால், "அவன் அப்பவே வந்துட்டான், நான்தான் கதவத் தொறக்கல" என்பார். வேலை அசதியில் நான் தம்பியின் போனை எடுக்காமல் இருந்தால், தானே எடுத்து, "பாப்பா குளிக்குது தம்பி" என்று சொல்லிவிடுவார். நான் அன்றைக்கு எத்தனை தடவை குளித்தேன் என்று தம்பிக்கே சந்தேகம் வந்திருக்கும். எங்கள் வீட்டில் அதட்டல் சத்தம் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்ததை நான் கவனித்ததே வெகு நாள் கழித்துத்தான்.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். "எங்கூட்டுக்காரரு சாப்டுக்கினு இருக்கசொல்ல ஏதோ ஒரு சின்ன விசயத்துக்குக் கத்திட்டேன் பாப்பா. பாதி சோத்துல எழுந்து கை கழுவிக்கினு லாரி ஏறினாரு. ஆள் திரும்பி வரல. நெல்லூருக்கு அந்தாண்ட ஆக்சிடெண்டு." அவ்வளவுதான், அடுத்த கத்தரிக்காயை எடுத்துவிட்டார். அவர் சொன்னதில் எது நிஜம், எது இட்டுக்கட்டியது என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. இது நிஜம் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் இதை அவர் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை.

பிரச்சினை வந்தது வாட்ச்சில். அப்பா தினமும் இவ்வளவு அடிகள் நடக்க வேண்டும் என்று தம்பி அதில் ஒரு கணக்கு வைத்துவிட்டான். அப்பாவுக்கு முழங்கால் வலி. மாலையில் தம்பி போன் செய்து, "ஏம்ப்பா நடக்கல?" என்பான். அப்பாவுக்குத்தான் பொய் வராதே. "சோம்பேறித்தனமா இருந்துச்சுடா" என்று உள்ளதைச் சொல்வார். அவன் அங்கே பயத்தில் கத்துவான். இவர் இங்கே தட்டை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இது சில வாரம் நடந்தது. பிறகு திடீரென்று அப்பா நன்றாக நடக்கத் தொடங்கினார். அதாவது, நடக்கிறார் என்று போன் சொன்னது. தம்பி ஒரே பாராட்டு. நானும் அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

ஒருநாள் காலை, ரயிலை விட்டு இறங்கி அலுவலகத்தில் பையைக் கூட வைக்கவில்லை, போன் அலறியது. அப்பாவின் இதயத் துடிப்பு சீராக இல்லை, உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று தகவல். அதே நிமிஷம் துபாயிலிருந்து தம்பி. நான் எப்படி வீட்டுக்கு வந்தேன், எப்படிக் கார் பிடித்தேன் என்று இப்போது யோசித்தாலும் நினைவில்லை. அப்பா சாதாரணமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அக்கா வீட்டில் இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாதீங்க, உடம்பை அலட்டிக்காதீங்க என்று அவர் வாயை அடைத்து, அள்ளிப் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனேன்.

ஸ்டென்ட் வைத்த டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். அப்பாவின் இதயம் நன்றாக இருந்தது. டாக்டர் என் போனை வாங்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இந்த நேரத்துல நீங்க வேகமா நடந்துக்கிட்டு இருந்திருக்கீங்களே, எங்க போனீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

நேராகக் கேட்டால் அப்பா நேராகத்தான் சொல்வார். "அது நான் இல்ல டாக்டர். வாட்ச் அந்தம்மா கையில இருந்துது. கீரை வாங்கப் போயிருந்தாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்ல. கீரை வாங்கப் போனவங்களுக்குத்தான் இருக்கு. அவங்கள சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீடு திரும்பியபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அப்பா தன் காலால் இறங்கி வருவதைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

"வாட்ச் உங்க கையில இருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்திருந்தா? யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? சொல்லுங்கக்கா, யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"நைனா மொகத்தப் பாக்க முடியல பாப்பா. தெனம் திட்டு வாங்கி தெனம் துன்னாம படுத்துக்கினா..."

"திட்டினா செத்துட மாட்டாங்க. இதனால செத்துடுவாங்க!"

எங்கள் யாருக்கும் திட்டு விழாமல் காத்தவருக்கு அன்று நான் கொடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. அதைத் தவறு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் வருவது கோபம்தான், அழுகை அதற்குப் பின்னால்தான் வரும். தம்பி உடனே வேலையை விட்டு நிறுத்தச் சொன்னான். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "அவ கட்டினா, நான் கட்ட உட்டேன். நிறுத்தறதுன்னா என்னையும் சேத்து நிறுத்து" என்றார்.

அக்காவிடம் அவருடைய இதயத்தைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எனக்கின்னா பாப்பா? கல்லு மாரி கீறேன்" என்று சிரித்தார். விடாமல் நச்சரித்து, லீவு கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். மறுநாள் வந்து எல்லாம் சொன்னார். எவ்வளவு பெரிய வரிசை, நெஞ்சில் தடவிய பசை எவ்வளவு சில்லென்று இருந்தது, ஈசிஜி எடுத்த நர்ஸின் மூக்குத்தி, வாயுத் தொல்லைதான் என்று டாக்டர் சொன்னது, அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் நிறம். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவர் கிளம்பிப் போன பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்.

"அவ போவலடி."

"எப்படிச் சொல்றீங்க?"

"நெசமா போனவன் போனேன், வந்தேன்னு ரெண்டு வார்த்தை சொல்லுவான். எடைய மாத்திக் கொண்டார டிரைவருதான் டீ குடிச்ச கடையிலருந்து கதை சொல்லுவான்."

அடுத்த வாரம் அப்பா தம்பியைக் கூப்பிட்டு, இன்னொரு வாட்ச் அனுப்பச் சொன்னார். அக்காவுக்கு. அதன் தகவல் வேறு யாருக்கும் போகக் கூடாது, தன் போனுக்கு மட்டும்தான் வர வேண்டும் என்றார். வேண்டாதவர்களுக்கு எதற்குச் செலவு என்று தம்பி முனகினான். ஆனாலும் அனுப்பினான். அக்கா அதைத் தொடவே மாட்டேன் என்றார்.

"எனக்கு எதுக்கு நைனா இந்த பேஜாரு? யார் பாக்கறதுக்கு?"

"நான் பாக்கறதுக்கு. நீ கட்டு, நானும் கட்டறேன். நீ கட்டலன்னா இத கழட்டிக் கெணத்துல போடறேன்."

கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு வினோதம் நடந்தது. பார்த்துக்கொள்ள வந்தவரை, பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். எடை மேடையில் உட்கார்ந்திருந்த காலத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை எட்டப் பிடித்துக்கொண்டு, அப்பா அவருடைய துடிப்பைப் படிப்பார். "நேத்து தூங்கவே இல்லியே நீ?" என்று காலையில் கேட்பார். அக்கா உடனே ஒரு கதையை ஆரம்பிப்பார். அப்பா போனைத் திருப்பிக் காட்டுவார். அக்கா கதையைப் பாதியில் விட்டுவிட்டு நாஷ்டா எடுத்து வைக்கப் போய்விடுவார்.

துடிப்பு அடிக்கடி தாறுமாறாகத்தான் போனது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அப்பா தினமும் நச்சரித்தார். சண்டை பிடித்தார். ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். ஆனால் அக்காவின் ஒரே மகள் பிரசவத்துக்காக சூலூர்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். "நான் போய் ஆஸ்பத்திரில படுத்துக்கினா பொண்ண யாரு பாக்கறது?" என்பார். பேத்தி பிறந்தாள். "முப்பது நாள் தீட்டு கழியட்டும் நைனா" என்றார். அது கழிந்ததும், "புள்ளைய அவங்க ஊட்ல கொண்டு போய் உட்டுட்டு வந்துடறேன், அப்பால நீங்க சொல்ற எடத்துக்கு வரேன்" என்று சத்தியம் செய்தார். அப்பா சென்னை டாக்டரிடம் நாள் குறித்து வைத்தார். இந்த ஒரு காரியத்துக்காக அப்பா படபடத்ததைப் போல, தன் இதயத்துக்காகக்கூடப் படபடத்து நான் பார்த்ததில்லை.

மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு லீவு. மதியச் சாப்பாடு முடித்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பாவின் போன் கத்தியது. ஓடி வந்து பார்த்தேன். அவர் ஏற்கெனவே அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

"இன்னாம்மா பண்ணுது உனக்கு?"

"ஒண்ணும் இல்ல நைனா." மூச்சு இரைத்தது. "மாடில வடகம் காய வச்சிருந்தேன். ஏறி எடுத்துனு வந்தேனா, அதான் இளைக்குது. நீங்க படுங்க. சாப்டீங்களா?"

அப்பா போனை வைத்தார். செருப்பைத் தேடினார்.

"அவ ஊட்ல ஏதுடி மாடி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீடு அது. மழை பெய்தால் எங்கே ஒழுகுகிறது என்று எங்களுக்கே அத்துப்படி, அவ்வளவு புலம்பியிருக்கிறார். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடிக்கு வெகு முன்பாகவே லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோ நகரவில்லை. பின்னாலும் லாரி. அப்பா இறங்கிவிட்டார். நான் கத்தக் கத்தக் காதில் வாங்காமல், லாரிகளுக்கு இடையில் புகுந்து நடந்தார். முழங்கால் வலி என்று வாசல் வரைக்கும் நடக்காத மனுஷர். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் நான் பின்னால் ஓடினேன். அவருக்கோ அவரைப் பற்றிய நினைப்பே இல்லை.

அக்கா வாசற்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரவிக்கை முழுக்க வேர்வை. எங்களைப் பார்த்ததும் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இன்னாத்துக்கு நைனா வெயில்ல வந்தீங்க? உள்ள வாங்க, காப்பி போடறேன்."

பக்கத்து வீட்டுக்காரர் தன் வேனை எடுத்தார். கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்ன வயது டாக்டர். ஒரு பக்கம் ஊசி போட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "பேஷண்டுக்கு நீங்க யாரு?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா சொன்னார்.

"அவளுக்கு அப்பா நான்."

அப்பா வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. சொல்லும்போது குரல் இம்மியும் தடுமாறவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டு அக்காவிடம் குனிந்தார்.

"எத்தனை நாளா இருக்கும்மா இந்த வலி?"

"இப்பத்தான் சார். வடகம் எடுக்க..."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க யாரும் உன்னத் திட்ட மாட்டாங்கம்மா. உள்ளதச் சொல்லு."

அக்கா அவரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். சின்னக் குரலில் சொன்னார், அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

"நைனா ஊட்டுக்கு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடிலருந்தே கீது சார். நெஞ்சு வலின்னு சொன்னா, நெஞ்சு வலிக்காரரப் பாத்துக்க யாரு வச்சிக்குவாங்க?"

வந்த புதிதில் தினமும் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தது, குளிப்பாட்டியது, கட்டிலோடு நகர்த்திப் பெருக்கியது எல்லாம் அந்த வலியோடுதான். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்து, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி, கதவைச் சாத்த வேண்டும் பெரியவரே என்று அவர்கள் சொல்லும் வரைக்கும் அப்பா அந்தக் கையை விடவில்லை.